புகையைக் கழுவும் நீர்

ஆலைப் புகைபோக்கியிலிருந்து வந்துகொண்டிருந்த கரும்புகை ஒருநாள் நின்று, அதற்குப் பதிலாக வெண்மையான ஆவி எழத் தொடங்கினால், அவ்வாலை தூய்மையடைந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் மகிழ்வது இயல்பு. அங்கே பெரும்பாலும் ஈர வாயுக்கழுவி ஒன்று நிறுவப்பட்டிருக்கும். தொழில் வட்டாரத்தில் 'ஸ்க்ரப்பர்' என்ற பெயராலேயே வழங்கும் இக்கருவி, புகையின் மீது நீரைத் தெளித்து, அதிலுள்ள தூசியையும் கரையத்தக்க வாயுக்களையும் பிரித்தெடுக்கிறது. ஆனால் பிரித்தெடுக்கப்பட்ட மாசு அழிந்துவிடுவதில்லை. காற்றில் இருந்தது நீருக்கு இடம் மாறுகிறது. அந்நீர் எங்கே செல்கிறது என்பதைக் கொண்டே இக்கருவியின் வெற்றியை மதிப்பிட வேண்டும். தொழில் வளர்ச்சியையும் மக்கள் நலத்தையும் ஒருங்கே நாடுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

எப்புகைக்கு எம்மருந்து?

காற்றைக் கெடுக்கும் மாசுகள் அனைத்தையும் ஒரே கருவியால் போக்க இயலாது. மைசூரு நகரை எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவே உள்ள தேவராஜ மொஹல்லா பழமையான வணிகப் பகுதி. இங்கே நெரிசலான கடைத்தெருக்களில் செல்வோர் சுவாசிக்கும் மாசு பெரும்பாலும் வாகனங்களின் புகையும் சாலைப் புழுதியும் ஆகும். ஆயிரக்கணக்கான சிறு ஊற்றுகளிலிருந்து எழுந்து திறந்த வெளியில் பரவிவிட்ட இம்மாசைக் கழுவுவதற்கு எந்த ஸ்க்ரப்பரும் உதவாது. எரிபொருளின் தரம், வாகனப் பராமரிப்பு, போக்குவரத்து ஒழுங்கு ஆகியவையே அதற்குரிய மருந்து.

அதே நகரின் வடமேற்கில் மேடகள்ளி, ஹெப்பாள், ஹூட்டகள்ளி முதலிய தொழிற்பேட்டைகள் உள்ளன. இத்தகைய தொழிற்பேட்டைகளில் நிலைமை வேறு. உலை, கொதிகலன், அமிலத் தொட்டி ஆகியவற்றிலிருந்து எழும் வாயுவைக் குழாய் வழியே ஒன்று திரட்ட முடியும். திரட்டப்பட்ட வாயுவைத்தான் கழுவ முடியும். எனவே ஈர வாயுக்கழுவி, ஓரிடத்தில் தோன்றி ஒரு குழாய்க்குள் அடங்கும் மாசுக்கு ஏற்ற கருவி என்பதை முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவ்வாறு திரட்டப்பட்ட புகைக்கும் வேறு கருவிகள் உண்டு. புகையைச் சுழலவிட்டுப் பருந்தூசியை ஒதுக்கும் சைக்ளோன் மலிவானது. ஆயினும் நுண்தூசி அதற்குத் தப்பிவிடும். துணிப்பை வடிப்பான் நுண்தூசியை நன்கு பிடிக்கும். ஆனால் மிகுந்த வெப்பத்தையும் தீப்பொறியையும் ஈரமான, ஒட்டும் தூசியையும் தாங்காது. மின்விசையால் தூசியை ஈர்க்கும் வீழ்படிவுக் கருவி பெரிய அனல்மின் நிலையங்களுக்கு ஏற்றது. சிற்றாலைகளால் அதன் விலையைத் தாங்க முடியாது. இவை மூன்றும் தூசியை மட்டுமே பிடிப்பவை. தூசியையும் அமில வாயுவையும் ஒரே சமயத்தில் பிடிப்பதும், வெப்பமான புகையைக் குளிர்விப்பதும், தீப்பற்றும் தூசியை நனைத்து அபாயத்தைக் குறைப்பதும் ஸ்க்ரப்பருக்கே உரிய சிறப்புகள்.

நீர் மாசைப் பிடிக்கும் விதம்

வேகமாகச் செல்லும் புகையின் பாதையில் ஒரு நீர்த்துளி குறுக்கிட்டால், காற்று அத்துளியைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். கனமான தூசித் துகளால் அவ்வாறு வளைய முடியாது. அது நேரே சென்று துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் எனப்படும். சுமார் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சாதாரண நீர்த்தெளிப்பே எளிதாகப் பிடித்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ காற்றோடு காற்றாக வளைந்து சென்றுவிடும். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் துகளுக்கும் துளிக்கும் இடையேயுள்ள வேக வேறுபாட்டை மிகவும் உயர்த்த வேண்டும். நுரையீரலின் ஆழத்தை எட்டிப் பெருந்தீங்கு விளைப்பவை இந்நுண்துகள்களே.

வாயுக்களைப் பொறுத்தவரையில் கரைதிறனே முக்கியம். ஹைட்ரஜன் குளோரைடும் அம்மோனியாவும் வெறும் நீரிலேயே விரைந்து கரையும். கந்தக டை ஆக்ஸைடு அவ்வளவு எளிதில் கரையாது. நீரில் சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கலந்தால் வினைபுரிந்து தங்கிவிடும். கார்பன் மோனாக்ஸைடு நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. ஆகவே அதற்கு ஸ்க்ரப்பர் மருந்தாகாது. எரிப்பைச் செம்மைப்படுத்துவதே வழி.

கருவியின் வகைகளும் செலவும்

ஸ்க்ரப்பர்களில் மூன்று வகைகளை முக்கியமாகக் குறிப்பிடலாம். வெற்றுக் கோபுரத்தினுள் புகை மேலெழ, மேலிருந்து நீர் தூவப்படுவது தெளிப்புக் கோபுரம். இது பருந்தூசிக்கும் எளிதில் கரையும் வாயுக்களுக்கும் போதுமானது. வளையங்கள் அல்லது ஓடுகள் நிரப்பப்பட்ட கோபுரத்தில் நீர் மெல்லிய படலமாக வழிந்து, புகையோடு நெடுநேரம் தொடர்பு கொள்வது நிரப்புக் கோபுரம். இது வாயுக்களுக்கு மிகவும் ஏற்றது. தூசி மிகுந்தால் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது வெஞ்சுரி. இதில் குழாயின் நடுவே கழுத்துப்போல் ஒடுங்கிய பகுதி ஒன்று உண்டு. அக்கழுத்தில் புகை வினாடிக்கு 60 முதல் 120 மீட்டர் வேகத்தில் பாயும். அங்கே விடப்படும் நீர் நுண்துளிகளாகச் சிதறி நுண்தூசியைப் பற்றிக்கொள்ளும். எவ்வகையாயினும் கோபுரத்தின் இறுதியில் துளிப்பிரிப்பான் ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையேல் மாசு ஏந்திய துளிகளே புகைபோக்கி வழியே வெளியேறி, சுற்றுப்புறக் கூரைகளின் மேல் விழும்.

வெஞ்சுரியின் திறன் இலவசமாகக் கிடைப்பதன்று. ஒடுங்கிய கழுத்தின் வழியே புகையை இழுக்க வலிய விசிறி தேவை. மணிக்கு 7,200 கன மீட்டர் புகையை வெளிவிடும் ஒரு சிறிய உலையைக் கருதுவோம். அழுத்த இழப்பு 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவாயின், புகையை இழுக்க ஏறத்தாழ 2 கிலோவாட் விசை போதும். அதுவே ஒரு மீட்டராயின் 20 கிலோவாட் தேவைப்படும். விசிறியின் திறன் 60 விழுக்காடு எனக் கொண்டால் 33 கிலோவாட்டாக உயரும். கன மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர் எனக் கணக்கிட்டால் மணிக்கு 7,200 லிட்டர் நீர் வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய நீரை அப்படியே வெளியேற்றினால் பத்து மணி நேர வேலைக்கு 72,000 லிட்டர் செலவாகும். இதே நீரைத் தெளியவைத்து மீண்டும் சுழற்றினால், ஆவியாகிப் போவதையும் கசடோடு வெளியேறுவதையும் ஈடு செய்யும் அளவே புதுநீர் தேவைப்படும். நீர்ப்பற்றாக்குறை நிலவும் நம் நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

வரலாறு தரும் பாடம்

மாசைக் காற்றிலிருந்து நீருக்கு மாற்றிவிட்டு அமைதியடைவதன் விளைவை உலகம் நெடுநாள் முன்பே கண்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சோடா ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைப் பெருமளவில் வெளிவிட்டன. சுற்றியிருந்த பயிர்களும் மரங்களும் கருகின. 1836-இல் வில்லியம் காசேஜ் என்பவர், சுள்ளிகள் நிரப்பிய கோபுரத்தில் மேலிருந்து நீரை வழியவிட்டு, கீழிருந்து வாயுவைச் செலுத்தி அதைக் கரைத்துக் காட்டினார். இன்றைய நிரப்புக் கோபுரத்தின் முன்னோடி இதுவே. 1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய காரத்தொழில் சட்டம், இவ்வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று விதித்தது.

வயல்கள் தப்பின, ஓடைகள் கெட்டன. கோபுரங்களிலிருந்து வடிந்த அமிலநீர் அருகிலிருந்த நீர்நிலைகளில் விடப்பட்டதே காரணம். பின்னர் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுப்புத்தூள் செய்யும் முறைகள் வளர்ந்தபோதுதான் கழிவாக ஓடிய அமிலம் விலைபெறும் பொருளாயிற்று. சட்டம் வாயுவைப் பிடிக்கச் செய்தது. பிடித்த பொருளுக்குப் பயன் கண்டபோதே தீர்வு முழுமை பெற்றது.

1933-இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய லண்டன் பாட்டர்ஸீ மின் நிலையத்திலும் இதே அனுபவம் ஏற்பட்டது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்ஸைடைத் தேம்ஸ் நதியின் நீரும் சுண்ணாம்புப் பொருளும் கொண்டு அங்கே கழுவினர். கழுவிய நீர் நதிக்கே திரும்பியது. மேலும், குளிர்ந்து கனத்த புகை உயர எழாமல் அண்மையிலேயே தாழ்ந்து படிந்தது. கழுவிய புகை தாழும் என்பதைப் புகைபோக்கியின் உயரத்தை வரையறுக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

ஹௌரா வார்ப்பாலைகளின் அனுபவம்

நம் நாட்டில் சிற்றாலைகளுக்கு ஸ்க்ரப்பரைப் பொருத்துவதில் உள்ள சிக்கலையும் வழியையும் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு மேற்கு வங்கத்தின் ஹௌராவில் உள்ளது. அங்கே நெருக்கமான குடியிருப்புகளுக்கு இடையே வார்ப்பாலைகள் பல இயங்கிவந்தன. அவற்றில் இரும்பை உருக்கும் குபோலா உலை கோக் கரியால் எரிவது. அதன் புகையில் பருந்தூசியோடு நுண்ணிய உலோக ஆக்ஸைடுத் துகள்களும், கோக்கிலுள்ள கந்தகம் எரிந்து தோன்றும் கந்தக டை ஆக்ஸைடும் கலந்திருக்கும். கூம்பு மூடியின் மேல் நீரை வழியவிடும் எளிய சாதனம் பருந்தூசியை மட்டுமே தடுத்தது. அப்பகுதிக்கு விதிக்கப்பட்டிருந்த கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் தூசி என்ற வரம்பை எட்ட அது போதவில்லை.

அந்நாளில் டாடா எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கிய அமைப்பு, சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் துணையோடு இச்சிக்கலை ஆராய்ந்தது. 1998-இல் ஹௌராவில் ஒரு செயல்விளக்க உலை இயங்கத் தொடங்கியது. வெறும் ஸ்க்ரப்பரை மட்டும் பொருத்தாமல், முதலில் உலையையே திருத்தியமைத்தனர் என்பது இங்கே கருதத்தக்கது. காற்றை ஒரே வரிசைத் துளைகளில் செலுத்துவதற்குப் பதிலாக, மேலும் கீழுமாக இரு வரிசைகளில் பகிர்ந்து செலுத்தியதால் எரிப்பு செம்மையுற்றது. கோக் செலவு மூன்றிலொரு பங்களவு குறைந்தது. அதன்பின் எஞ்சிய புகை வெஞ்சுரி ஸ்க்ரப்பரில் கழுவப்பட்டது. தூசியின் அளவு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குத் தாழ்ந்தது.

இதில் அடங்கியுள்ள பொருளாதார நுட்பம் தெளிவானது. ஸ்க்ரப்பர் ஆலை உரிமையாளருக்கு வருவாய் தருவதில்லை. மின்கட்டணத்தையும் பராமரிப்புச் செலவையுமே தருகிறது. ஆகவே அதை மட்டும் கட்டாயப்படுத்தினால், அதிகாரிகள் வரும் நாளில் ஓடி மற்ற நாட்களில் ஓய்வெடுக்கும் கருவியாக அது மாறிவிடும் அபாயம் உண்டு. உலைத் திருத்தமோ எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அம்மிச்சத்திலிருந்து ஸ்க்ரப்பரின் செலவை ஓரளவேனும் ஈடு செய்யலாம். எரியும் கோக் குறைந்தால் அதன் கந்தகமும் குறையும். கழுவ வேண்டிய புகையும் குறையும். எனவே முதலில் மாசு தோன்றுவதைக் குறைப்பதும், பிறகு எஞ்சியதைக் கழுவுவதும் முறையாகும்.

கழுவாமலே தீரும் வழிகளும் உண்டு. தாஜ்மகாலைக் காக்கும் பொருட்டு 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஆக்ரா பகுதியின் 292 ஆலைகள் நிலக்கரியையும் கோக்கையும் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இயலாதவை இடம்பெயர வேண்டும் என்று ஆணையிட்டது. பம்பு உற்பத்திக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூரில் வார்ப்பாலைகள் பல மின்தூண்டல் உலைக்கு மாறியுள்ளன. இயற்கை வாயுவும் தடையற்ற மின்சாரமும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காத இடங்களில் ஸ்க்ரப்பரின் தேவை தொடர்ந்து இருக்கும்.

அனல்மின் நிலையங்களில் சுண்ணாம்பு

பேரளவில் இதே தத்துவம் அனல்மின் நிலையங்களில் பயன்படுகிறது. கந்தக டை ஆக்ஸைடு கலந்த புகையைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவினால் ஜிப்சம் உண்டாகிறது. வேதியியல் கணக்குப்படி 64 கிலோ கந்தக டை ஆக்ஸைடைப் பிடிக்க 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் தேவை; 172 கிலோ ஜிப்சம் கிடைக்கும்; 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். கிடைக்கும் ஜிப்சம் தூய்மையாக இருந்தால் சிமெண்டுத் தொழிலுக்குப் பயன்படும். இல்லையேல் மலைபோல் குவியும். மும்பை டிராம்பே அனல்மின் நிலையத்தில் 1980-களின் பிற்பகுதியிலேயே கடல்நீரின் இயற்கையான காரத்தன்மையைக் கொண்டு புகையைக் கழுவும் முறை புகுத்தப்பட்டது.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்ஸைடு வரம்புகளை அறிவித்தது. செலவு, கட்டுமானத் தாமதம் முதலிய காரணங்களால் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அப்பாலுள்ள பெரும்பான்மையான நிலையங்களுக்கு இவ்வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது விலக்கை ஆதரிப்போர் வாதம். காற்றில் பரவிய கந்தக டை ஆக்ஸைடு நுண்துகளாக மாறி நெடுந்தொலைவு செல்லும் என்பது எதிர்ப்போர் வாதம். எவ்வாறாயினும், ஒரு கருவியை நிறுவுவதற்கு முன் அதன் சுண்ணாம்பு, நீர், மின்சாரம், துணைவிளைபொருள் ஆகிய நான்கையும் திட்டமிட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இயங்காத கருவி

ஸ்க்ரப்பர் இருப்பது வேறு, இயங்குவது வேறு. இவ்வுண்மையை நம் நாடு மிகக் கொடிய முறையில் அறிந்துள்ளது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரின் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது. காஸ்டிக் சோடாக் கரைசலால் வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் அவ்வாலையில் இருந்தது. ஆனால் கசிவு தொடங்கியபோது அது இயக்கத்தில் இல்லை. காத்திருப்பு நிலையில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பெருக்கெடுத்த வாயுவை ஏற்கும் அளவில் அது வடிவமைக்கப்படவும் இல்லை. எஞ்சிய வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பீய்ச்சிய நீர் வாயு வெளிவந்த உயரத்தை எட்டவில்லை. உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் உயிரிழந்தனர்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அது 1981-இல் இயற்றப்பட்டது. போபாலுக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் தேவையே. எனினும் பம்பு ஓடுகிறதா, கரைசலில் காரம் உள்ளதா என்று ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பார்க்கும் தொழிலாளியும், அவர் சொல்லைக் கேட்கும் நிர்வாகமும் இல்லாவிடில் சட்டம் ஏட்டில் நின்றுவிடும்.

செய்ய வேண்டுவன

ஸ்க்ரப்பர் நிறுவ முற்படும் சிற்றாலையினர் முதலில் தம் புகையை ஆய்ந்தறிய வேண்டும். தூசியின் பருமன் தெரியாமல் தெளிப்புக் கோபுரம் வாங்கினால் நுண்தூசி தப்பிவிடும். பருந்தூசிக்கு வெஞ்சுரி வாங்கினால் மின்சாரம் வீணாகும். அடுத்து, நீர்ச்சுற்றை முழுமையாக அமைக்க வேண்டும். கழுவிய நீர் படிவுத் தொட்டிக்குச் சென்று, கசடு இறங்கி, காரம் சேர்க்கப்பட்டு, மீண்டும் கோபுரத்துக்கு வர வேண்டும். காரம் சேர்க்கத் தவறினால் சுழலும் நீர் நாளடைவில் அமிலமாகிப் பம்பையும் குழாயையும் அரித்துவிடும். சுண்ணாம்பு மிகுந்தால் தூவுமுனைகளில் படிந்து அடைக்கும். ஆகவே நீரின் பி.எச். அளவை நாள்தோறும் பார்த்துவர வேண்டும்.

தொட்டியின் அடியில் சேரும் கசடே இறுதிச் சோதனை. துத்தநாகம் பூசிய பழைய இரும்பு உருக்கப்பட்டால் அக்கசடில் துத்தநாகம் இருக்கும், ஈயமும் இருக்கக்கூடும். வாயுவைத் தூய்மைப்படுத்துகையில் எஞ்சும் பொருள் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அதனைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டுவது, புகைபோக்கியின் வாயை அடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் புகையைக் கரைப்பதற்கு ஒப்பாகும்.

கண்காணிப்புக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெஞ்சுரியின் முன்னும் பின்னும் இணைத்த, வண்ணநீர் நிரப்பிய ஒரு வளைகுழாய் அழுத்த வேறுபாட்டைக் காட்டிவிடும். அம்மட்டம் சரிந்தால் விசிறியோ நீரோ குறைந்துவிட்டதென்று எழுதப்படிக்கத் தெரியாதவரும் அறியலாம். ஸ்க்ரப்பரின் பம்புக்கும் விசிறிக்கும் தனி மின்அளவி பொருத்தினால், அது எத்தனை நேரம் ஓடியது என்பதை மாதக் கணக்கே சொல்லிவிடும். அருகருகே உள்ள சிற்றாலைகள் கூடிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தை அமைத்துக்கொண்டால் செலவு பகிரப்படும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. காற்றுக்கான சட்டம் ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது. இரண்டையும் நடைமுறைப்படுத்துவது ஒரே மாநில வாரியம். எனவே புகைபோக்கியைச் சோதிக்க வரும் அதிகாரி, அதே வருகையில் படிவுத் தொட்டியையும் கசடின் கணக்கையும் பார்ப்பது கடினமன்று. ஆலை வாயிலில் வாழும் மக்களும் புகையின் நிறத்தை மட்டும் கேளாமல், கழுவிய நீர் போகும் இடத்தையும் கேட்கப் பழக வேண்டும். அவர்கள் சுவாசிக்கும் காற்றும் குடிக்கும் நீரும் ஒருங்கே காக்கப்பட்டாலொழிய ஸ்க்ரப்பர் தன் கடமையை முடித்ததாகாது.